இறங்கி வருகிறாரா, இறங்குவதுபோல் காட்டுகிறாரா? அவையை இழந்த அதிபரின் சமரசப் பேச்சை எடைபோடும் முறை

அமெரிக்காவில் இடைக்காலத் தேர்தலில் (அதிபர் பதவிக்காலத்தின் நடுவே நாடாளுமன்றத்தின் இரு சபைகளுக்கும் நடப்பது) அடிவாங்கிய அதிபர்கள் மறுநாள் பேசுவது ஏறத்தாழ ஒரே பேச்சுதான். 2006 நவம்பர் 8-இல் ஜார்ஜ் புஷ், 2010 நவம்பர் 3-இல் ஒபாமா, 2018 நவம்பர் 7-இல் டிரம்ப் என மூவருமே எதிர்க்கட்சியோடு சேர்ந்து வேலை செய்யத் தயார் என்றார்கள். பிறகு நடந்தது மூன்று விதம். ஈராக் போரில் சலித்துப்போன வாக்காளர்கள் புஷ் கட்சியைத் தோற்கடித்தார்கள். இரண்டே மாதத்தில் அவர் அங்கே மேலும் 20,000-க்கு அதிகமான படையினரை அனுப்பப்போவதாக அறிவித்தார். ஒபாமா ஐந்து வாரத்துக்குள், தன் கட்சிக்காரர்கள் கொதித்துப்போன ஒரு வரி ஒப்பந்தத்துக்குத் தலையசைத்தார். டிரம்ப் ஆட்சியில் டிசம்பர் 22 தொடங்கி 35 நாள் அரசு முடங்கிக் கிடந்தது. சுமார் 8,00,000 மத்திய அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது.

ஆக, பேச்சை வைத்து யாரையும் பிரித்தறிய முடியாது. மனசுக்குள் என்ன இருந்தது என்று தேடுவதும் வீண்வேலை. பார்க்கக்கூடியது ஒன்றுதான்: இறங்கி வருகிறேன் என்றவர் எத்தனை படி இறங்கினார், அதற்குத் தன் வீட்டில் என்ன விலை கொடுத்தார். இதைத் தாளில் எழுதி அளக்கலாம். அரை நாள் வேலை. ஒரு விரிதாள் போதும். தேவையான ஆவணங்கள் நான்கு வகை: அதிபரின் பட்ஜெட், மசோதாக்கள் மீது வெள்ளை மாளிகை வெளியிடும் நிலைப்பாட்டு அறிக்கைகள், இரு சபைகளின் பெயர்வாரி வாக்குப்பதிவு, அதிபர் உரைகளின் முழு எழுத்து வடிவம். வாக்குப்பதிவை இரு சபைகளின் தளங்களும் இலவசமாகத் தருகின்றன. உரைகளும், மசோதாவை அதிபர் நிராகரிக்கும் வீட்டோ செய்திகளும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகம் நடத்தும் அதிபர் ஆவணத் தொகுப்பில் தேதிவாரியாக இருக்கின்றன. நாளிதழ்ச் சுருக்கத்தை வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். "அதிபர் கடுமையாக எதிர்க்கிறார்" என்று செய்தியில் வருவது, மூலத்தில் வேறு வார்த்தையாக இருக்கும். அந்த வார்த்தை ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

முதல் வேலை: எதை இழந்தார் என்று எண்ணுங்கள்

தாளின் மேலே மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள். பிரதிநிதிகள் சபையில் 435 பேர், பெரும்பான்மைக்கு 218. செனட்டில் 100 பேர். ஆனால் பெரும்பாலான மசோதாக்களுக்கு விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 60 வேண்டும். அதிபரின் வீட்டோவை முறியடிக்க இரு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது எல்லோரும் வாக்களித்தால் 290-உம் 67-உம்.

இப்போது அந்த ஆண்டின் எண்களைப் பக்கத்தில் போடுங்கள். 1994 தேர்தலில் கிளின்டன் கட்சி பிரதிநிதிகள் சபையில் 54 இடங்களை இழந்து, இரு சபைகளையும் பறிகொடுத்தது. அதற்கு முன் 40 ஆண்டுகள் பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சியின் கையில்தான் இருந்தது. ஆனாலும் குடியரசுக் கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. ஆகவே கிளின்டனின் வீட்டோவுக்கு உயிர் இருந்தது. 2010-இல் ஒபாமா 63 இடங்களோடு பிரதிநிதிகள் சபையை இழந்தார். செனட் கையில் நின்றது. இரண்டு நிலையிலும் யாரும் தனியாகச் சட்டம் கொண்டுவர முடியாது, எவரும் மற்றவரின் மசோதாவைத் தடுக்க முடியும்.

இதிலிருந்துதான் மிக முக்கியமான பிரிப்பு வருகிறது. விஷயங்களை இரண்டு பட்டியலாகப் போடுங்கள். ஒன்று, கட்டாயப் பட்டியல்: அக்டோபர் 1-இல் தொடங்கும் நிதியாண்டுக்கான செலவு மசோதாக்கள், கடன் உச்சவரம்பு (அரசு எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற சட்ட எல்லை), காலாவதியாகும் வரிச்சலுகைகள். செய்யாவிட்டால் அரசே நிற்கும், அல்லது எல்லோருக்கும் வரி ஏறும். மற்றது, விருப்பப் பட்டியல்: குடியேற்றச் சீர்திருத்தம், வர்த்தகம், நலத்திட்ட மாற்றம். செய்யாவிட்டாலும் நாளை காலை எதுவும் நின்றுபோகாது.

கட்டாயப் பட்டியலில் போட்ட கையெழுத்துக்குப் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் கொடுக்காதீர்கள். 2011 ஆகஸ்ட் 2 அன்று ஒபாமா கையெழுத்திட்ட, கடன் உச்சவரம்பை உயர்த்திய பட்ஜெட் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் பலர் சமரசம் என்று எழுதினார்கள். பணம் தீரும் என்று கருவூலம் குறித்திருந்த நாளே ஆகஸ்ட் 2-தான். கழுத்தில் கத்தி இருக்கும்போது போட்ட கையெழுத்து, சமரச விருப்பத்துக்கும் விருப்பமின்மைக்கும் சாட்சி ஆகாது.

இரண்டாவது வேலை: மூன்று பத்தி (நெடுவரிசை) அட்டவணை

இதுதான் இந்த முறையின் இதயம். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு வரிசை. முதல் பத்தியில் தேர்தலுக்கு முன்பும் தோற்ற உடனேயும் அவர் எழுத்தில் வைத்த நிலை. இரண்டாவதில் அவர் பிறகு வைத்த முன்மொழிவு. மூன்றாவதில் எதிர்த்தரப்பின் நிலை. எல்லாம் எண்ணாகவும் தேதியோடும் இருக்க வேண்டும். "ஆர்வம் காட்டினார்", "கதவு திறந்திருக்கிறது" போன்றவற்றை அட்டவணைக்குள் விடாதீர்கள்.

1995-இன் பட்ஜெட் சண்டையை நிரப்பிப் பார்ப்போம். முதல் பத்தி: 1995 பிப்ரவரியில் கிளின்டன் வைத்த பட்ஜெட்டில் பற்றாக்குறையைப் பூச்சியமாக்கும் திட்டமே கிடையாது, ஆண்டுக்குச் சுமார் 200 பில்லியன் டாலர் பற்றாக்குறை தொடர்ந்துகொண்டே போனது. மூன்றாம் பத்தி: குடியரசுக் கட்சி ஏழு ஆண்டில் சமநிலை கேட்டது. இரண்டாம் பத்தி: ஜூன் 13 அன்று கிளின்டன் தொலைக்காட்சியில் தோன்றி, பத்து ஆண்டில் சமநிலை என்றார். நவம்பரில் முதல் அரசு முடக்கத்தை முடிக்கும்போது ஏழு ஆண்டு என்ற குறியை நிபந்தனைகளோடு ஏற்றார். 1996 ஜனவரி 6 அன்று, எதிர்த்தரப்பு கேட்டபடியே நாடாளுமன்றப் பட்ஜெட் அலுவலகத்தின் கணக்கை வைத்து, ஏழு ஆண்டுத் திட்டத்தைக் கொடுத்தார். "இல்லை" என்பதிலிருந்து பத்து, பத்திலிருந்து ஏழு. பதினோரு மாதத்தில் அவர் இறங்கிய படிகள் தாளில் தெரிகின்றன.

அதே வரிசைக்குக் கீழே மெடிகேர் என்று இன்னொரு வரிசை போடுங்கள். முதியோர் மருத்துவக் காப்பீடான அதில் ஏழு ஆண்டில் 270 பில்லியன் டாலர் மிச்சம் பிடிக்கக் குடியரசுக் கட்சி கேட்டது. கிளின்டன் அந்த எண்ணுக்கு அருகே வரவில்லை. 1995 டிசம்பர் 6 அன்று அந்த மசோதாவை வீட்டோ செய்தார். 1965-இல் மெடிகேர் சட்டத்தில் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட அதே பேனாவை வரவழைத்து அதைச் செய்தார். பேனா நாடகம்தான். ஆனால் எந்த இடத்தில் இறங்கமாட்டேன் என்று எதிராளிக்குச் சந்தேகமில்லாமல் சொன்ன நாடகம். நேர்மையான பேரத்துக்கு இதுவும் தேவை. எல்லாவற்றிலும் இறங்குகிறேன் என்பவர் பெரும்பாலும் எதிலும் இறங்குவதில்லை.

இதனோடு 2018–19-ஐ ஒப்பிடுங்கள். எல்லைச் சுவருக்கு டிரம்ப் கேட்டது 5.7 பில்லியன் டாலர். ஜனவரி 19 அன்று, சிறுவயதில் அழைத்துவரப்பட்ட குடியேறிகளுக்கும் தற்காலிகப் பாதுகாப்பு பெற்றவர்களுக்கும் நாடுகடத்தலிலிருந்து மூன்றாண்டு பாதுகாப்பு தருவதாகச் சமரசம் என்ற பெயரில் ஒன்றை முன்வைத்தார். அட்டவணையில் பாருங்கள்: முதல் பத்தியில் 5.7, இரண்டாம் பத்தியிலும் 5.7. பக்கத்தில் ஒரு சலுகை ஒட்டப்பட்டது, அதுவும் அவர் அரசே முடிவுக்குக் கொண்டுவர முயன்ற பாதுகாப்பின் தற்காலிக நீட்டிப்பு. மூல எண் அசையவில்லை. பிப்ரவரி 15 அன்று சுவருக்கு 1.375 பில்லியன் மட்டுமே இருந்த சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே நாளில் தேசிய நெருக்கடி அறிவித்து வேறு நிதியைச் சுவருக்குத் திருப்பினார். இந்த வரிசையில் எழுத வேண்டிய தீர்ப்பில் தயங்க எதுவுமில்லை: இறங்கவில்லை.

மூன்றாவது வேலை: வீட்டுக்குள் எழுந்த புகை

உண்மையான விட்டுக்கொடுத்தல் சொந்தக் கட்சியைச் சுடும். ஆகவே பெயர்வாரி வாக்குப்பதிவைத் திறந்து, அதிபரின் கட்சி எப்படிப் பிளந்தது என்று எண்ணுங்கள்.

1996-இன் நலத்திட்ட (ஏழைகளுக்கான அரசு உதவி) மாற்றச் சட்டத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சியினர் 98 பேர் ஆதரவு, 98 பேர் எதிர்ப்பு. சரிபாதி. சட்டத்தில் கிளின்டன் கையெழுத்திட்டதும் நலத்துறையின் மூத்த அதிகாரிகளான மேரி ஜோ பேனும் பீட்டர் எடெல்மனும் பதவி விலகினார்கள். 2010 டிசம்பரின் வரி ஒப்பந்தம் 277-148 என்று நிறைவேறியது. ஜனநாயகக் கட்சியில் 139 பேர் ஆதரவு, 112 பேர் எதிர்ப்பு. அதில் ஒபாமா கொடுத்தது, உயர் வருமானக்காரர்களுக்கும் சேர்த்து புஷ் கால வரிக்குறைப்பை இரண்டாண்டு நீட்டித்தது; 2,50,000 டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு அதை நிறுத்துவேன் என்றுதான் அவர் தேர்தலில் வாக்குக் கேட்டிருந்தார். வாங்கியது, வேலையில்லாதோர் உதவித்தொகை 13 மாத நீட்டிப்பு, சமூகப் பாதுகாப்பு என்ற அரசு ஓய்வூதியத் திட்டத்துக்காகத் தொழிலாளர் சம்பளத்தில் பிடிக்கும் வரி ஓராண்டுக்கு 6.2-இலிருந்து 4.2 சதவீதம். கொடுத்தது, வாங்கியது இரண்டும் எண்ணாகச் சொல்ல முடிகிற ஒப்பந்தம் இது. வரிக்குறைப்பு டிசம்பர் 31-இல் காலாவதியாக இருந்ததால், பாதி கட்டாயப் பட்டியல் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் அனுபவமுள்ளவர்களே சறுக்குகிறார்கள். கட்சிக்குள் புகை எழுந்தாலே சமரசம் என்று எழுதிவிடுவது தவறு. 2015 ஜூனில் வர்த்தக ஒப்பந்தங்களை விரைந்து முடிக்கும் அதிகாரத்தை ஒபாமா கேட்டபோது, பிரதிநிதிகள் சபையில் அவர் கட்சியில் 28 பேர்தான் ஆதரித்தார்கள். அவரே நேரில் போய்க் கேட்டுக்கொண்டும், கட்சியின் அவைத் தலைவி நான்சி பெலோசி அன்று எதிர்த்து வாக்களித்தார். புகை ஏராளம். ஆனால் அட்டவணையைப் பாருங்கள்: பசிபிக் வர்த்தக ஒப்பந்தம் ஒபாமாவின் சொந்த இலக்கு. அவர் எதிலும் இறங்கவில்லை. எதிர்க்கட்சியின் வாக்கை வைத்துத் தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொண்டார். அது தவறல்ல, ஆனால் சமரசமும் அல்ல. 2007 ஜூனில் புஷ்ஷின் குடியேற்ற மசோதா செனட்டில் 46-53 என்று முடங்கியதற்கும் இதே குறிப்பு பொருந்தும். அவருடைய குடியரசுக் கட்சி செனட்டர்களில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள், ஆனால் அது புஷ் பல ஆண்டாகக் கேட்டுவந்த ஒன்று. ஆகவே விதி: இரண்டாம் பத்தியில் அசைவும் வேண்டும், வீட்டுக்குள் புகையும் வேண்டும். ஒன்றிருந்து ஒன்றில்லாவிட்டால் அரைத் தீர்ப்புதான்.

1996 சட்டத்திலும் ஒரு சிக்கல் உண்டு. நலத்திட்டத்தை மாற்றுவேன் என்பது 1992-இலேயே கிளின்டனின் வாக்குறுதி. கையெழுத்திட்டது ஆகஸ்ட் 22, தேர்தல் நவம்பரில். அப்படியானால் எது சமரசம், எது அவர் விரும்பியது, எது தேர்தல் கணக்கு? பிரிக்க ஒரு வழி உண்டு. அவர் வெளிப்படையாக வெறுத்த பகுதியைத் தேடுங்கள். சட்டப்படி குடியேறியவர்களுக்கு உதவியை வெட்டிய பகுதி தவறு என்று அவர் சொல்லிக்கொண்டே கையெழுத்திட்டார். 1997 ஆகஸ்ட் 5-இன் சமநிலைப் பட்ஜெட் சட்டத்தில், ஏற்கெனவே உதவி பெற்றுவந்த முதிய, ஊனமுற்ற குடியேறிகளுக்கு அதில் ஒரு பங்கைத் திரும்பப் பெற்றார். பிடிக்காததை விழுங்கியது, எது பிடிக்கவில்லை என்று மறைக்காதது, அடுத்த பேரத்தில் அதை மீட்கப் பார்த்தது என மூன்றும் சேர்ந்திருப்பதால் எங்கள் தாளில் இதற்கு முழு மதிப்பெண்.

நான்காவது வேலை: வீட்டோ மிரட்டலை எழுத்தெண்ணிப் படியுங்கள்

பெரிய மசோதாக்கள் அவைக்கு வரும்போது வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் ஒன்றிரண்டு பக்கத்தில் நிலைப்பாட்டு அறிக்கை வெளியிடும். அதில் வார்த்தைக்குப் படிநிலை இருக்கிறது. வீட்டோ பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். "அதிபர் இதை வீட்டோ செய்வார்" என்றிருந்தால் கதவு பூட்டப்பட்டது. "மூத்த ஆலோசகர்கள் வீட்டோ செய்யும்படி அதிபருக்குப் பரிந்துரைப்பார்கள்" என்றால் கதவு சாத்தியிருக்கிறது, தாழ்ப்பாள் போடவில்லை. பேரத்துக்கு இடம் உண்டு. "அரசு கடுமையாக எதிர்க்கிறது", அதற்குக் கீழே "எதிர்க்கிறது" என்றால், சில பிரிவுகளை மாற்றினால் கையெழுத்து விழலாம். எந்தப் பிரிவுகள் என்பதும் அதே அறிக்கையில் வரிசையாக இருக்கும்.

ஒரே மசோதாவின் இரண்டு கட்ட அறிக்கைகளை அருகருகே வையுங்கள். முதலில் பத்து ஆட்சேபம், அடுத்ததில் மூன்று என்றால் பேச்சு நடக்கிறது. ஆட்சேபங்கள் குறையாமல் வார்த்தை மட்டும் கடுமையானால், அதிபர் தேர்தல் மேடைக்கு எழுதுகிறார்.

வீட்டோ செய்த பிறகும் கோப்பை மூடாதீர்கள். 2007 மே 1-இல் ஈராக்கிலிருந்து வெளியேறும் கால அட்டவணை இருந்த செலவு மசோதாவை புஷ் வீட்டோ செய்தார். மூன்று வாரம் கழித்து, அட்டவணை இல்லாமல், ஆனால் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 5.15 டாலரிலிருந்து மூன்று கட்டமாக 7.25-ஆக உயர்த்தும் பிரிவோடு வந்த சட்டத்தில் கையெழுத்திட்டார். வீட்டோ பேரத்தின் முடிவாக இல்லாமல் நடுவாக இருந்தது.

ஐந்தாவது வேலை: எதிரில் இருப்பவரால் தலையாட்ட முடிந்ததா?

பேச்சு முறிந்தால் இருவரில் ஒருவர் பொய் என்று முடிவு கட்டுவதுதான் வாசகர்கள் அதிகம் செய்யும் பிழை. முறிவுக்கு மூன்றாவது காரணம் ஒன்று உண்டு: இருவரும் விரும்பினார்கள், ஒருவரால் தன் ஆட்களைக் கூட்டிவர முடியவில்லை.

2011 ஜூலையின் ஒபாமா–ஜான் பேனர் பேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குடியரசுக் கட்சிச் சபாநாயகரான பேனர் பத்தாண்டில் 800 பில்லியன் டாலர் கூடுதல் வரி வருவாய் வரை வந்தார். ஒபாமா, மெடிகேர் தகுதி வயதை 65-இலிருந்து 67-ஆக உயர்த்தவும், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தின் ஆண்டு உயர்வைக் குறைவாகக் காட்டும் வேறு விலைக்குறியீட்டுக்கு மாறவும் இசைந்தார். அவர் கட்சிக்கு இவை இரண்டும் உயிர்நாடி. பிறகு, செனட்டர் குழு ஒன்று அதிக வருவாயோடு தன் திட்டத்தை வெளியிட்டதும், ஒபாமா மேலும் 400 பில்லியன் கேட்டார். ஜூலை 22 அன்று பேனர் எழுந்து போய்விட்டார். யார் உடைத்தார்கள் என்று இரு தரப்பும் இன்றுவரை வேறு வேறாகச் சொல்கின்றன.

இந்த மாதிரி இடத்தில் இரண்டு சோதனைகள் கை கொடுக்கும். ஒன்று, மூடிய அறையில் சொன்னதை அவர் பிறகு வெளிச்சத்தில் எழுதினாரா? ஒபாமா எழுதினார். 2013 ஏப்ரல் 10-இல் வெளியான பட்ஜெட்டில் அந்த விலைக்குறியீட்டு மாற்றம் அச்சிலேயே இருந்தது. சொந்தக் கட்சியினரின் வசவு முழுவதையும் வாங்கிக்கொண்டார். எதிர்த்தரப்பு வரி வருவாய்க்கு அசையாததால் அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் அதை நீக்கினார். ஆக, இந்த வரிசையில் ஒபாமா இறங்கியது உண்மை. கடைசி நேரத்தில் விலையை ஏற்றியது பேரத்தில் செய்த தவறு. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டாவது சோதனை, எதிராளியின் கையில் வாக்கு இருந்ததா? 2012 டிசம்பர் 20 அன்று, பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு மட்டும் வரி ஏற விடும் தன் சொந்த மசோதாவுக்கே பேனரால் தன் கட்சியில் வாக்குத் திரட்ட முடியவில்லை. வாக்கெடுப்பு இல்லாமல் திரும்பப் பெற்றார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு முந்தைய 800 பில்லியனை அவரால் அவையில் நிறைவேற்றியிருக்க முடியுமா என்ற கேள்விக்கு இது பெரிய துப்பு.

எதிர்த்தரப்பின் மனநிலையையும் ஒரு வரியில் குறியுங்கள். ஒபாமாவை ஒற்றைப் பதவிக்கால அதிபராக்குவதே முதன்மை இலக்கு என்று 2010 அக்டோபரில் செனட்டின் குடியரசுக் கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானல் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பெரிய விஷயங்களில் பாதி வழி வந்தால் அவரோடு காரியம் செய்யலாம் என்று அதே பேட்டியில் அவர் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் 2010 வரி ஒப்பந்தம் அந்த மெக்கானலோடுதான் முடிந்தது. மேற்கோளை முழுதாக எடுப்பது மரியாதைக்காக மட்டுமல்ல. பாதியை எடுத்தால் கணிப்பே தவறிப்போகிறது.

மறுக்கப்படுவதற்காகவே வைக்கும் முன்மொழிவு

இதை அடையாளம் காண ட்ரூமனைவிடச் சிறந்த பாடம் இல்லை. 1946-இல் அவர் கட்சி இரு சபைகளையும் இழந்தது. 1948 ஜூலை 26-இல், தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, வீட்டுவசதி, விலைவாசி, குடிமை உரிமைகள் என்று, அந்த அவையின் குடியரசுக் கட்சியினர் நிறைவேற்றமாட்டார்கள் எனத் தெரிந்த பட்டியலோடு அவையைச் சிறப்புக் கூட்டத்துக்கு அழைத்தார். எதிர்பார்த்தபடியே ஆகஸ்ட் தொடக்கத்தில் கூட்டம் ஏறத்தாழ வெறுங்கையோடு கலைந்தது. எதுவும் செய்யாத அவை என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லித் தேர்தலில் வென்றார்.

அடையாளங்கள் இவைதாம்: எதிராளியிடம் சொல்வதற்கு முன் மேடையில் அறிவித்தது, எண்ணில் அசைவே இல்லாதது, எதிராளி எடுத்துக்கொள்ள ஒரு துண்டு கூட வைக்காதது, தேர்தல் நெருங்கியது. நான்கில் மூன்று இருந்தால் அது கண்துடைப்பு.

ஆனால் அதே ட்ரூமன், அதே அவையின் குடியரசுக் கட்சி செனட்டர் ஆர்தர் வாண்டன்பர்க்கோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து, ஐரோப்பிய மறுசீரமைப்பு உதவியை வடிவமைத்து, 1948 ஏப்ரல் 3-இல் சட்டமாக்கினார். டிரம்பும் அப்படியே. சுவரில் அசையாதவர், வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தில் தொழிலாளர் பாதுகாப்பை இறுக்கவும், உயிரியல் மருந்துகளுக்கான பத்தாண்டுப் பாதுகாப்பை நீக்கவும் ஜனநாயகக் கட்சி கேட்டதை ஏற்றார். 2019 டிசம்பர் 10 அன்று, அவர் மீதான பதவிநீக்கக் குற்றச்சாட்டுகள் அறிவிக்கப்பட்ட அதே காலையில் அந்த உடன்பாடும் அறிவிக்கப்பட்டது. பிரதிநிதிகள் சபையில் 385-41. ஆகவே "இந்தத் தலைவர் சமரசவாதியா" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். விஷயவாரியாகத்தான் தீர்ப்பு. ஒரே ஆளுக்கு ஒரே வருடத்தில் இரண்டு தீர்ப்பு வருவது அளவீட்டின் குறையல்ல.

முறிந்த பிறகு கை எங்கே போகிறது?

அடுத்த 90 நாளைக் குறித்துவையுங்கள். நிர்வாக ஆணை, நெருக்கடி அறிவிப்பு, கோர்ட் என்று நேராகப் போனால், பேச்சு நேரம் கடத்துவதற்காக இருந்திருக்கலாம். ஆனால் அதற்கு முன் என்ன நடந்தது என்றும் பாருங்கள். 2014-இல் செனட்டையும் இழந்த 16-ஆவது நாளில், நவம்பர் 20 அன்று, ஒபாமா குடியேற்ற ஆணையை அறிவித்தார். வெறும் தேதியைப் பார்த்தால் தோல்வியை மதிக்காத செயல். 2013 ஜூன் 27-இல் செனட் 68-32 என்று நிறைவேற்றிய இருகட்சி மசோதாவைப் பிரதிநிதிகள் சபை பதினேழு மாதமாக வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை என்பதைச் சேர்த்தால் படம் மாறுகிறது. முழுதாக மாறுவதில்லை; புதிய அவை கூடும்வரை காத்திருந்தால் என்ன என்ற கேள்வி நிற்கிறது.

இதே அளவுகோல் அதிபரும் பிரதமரும் வேறு வேறு கட்சியாக இருக்கும் நாடுகளுக்கும் பொருந்தும். தமிழ் வாசகர்களுக்கு அதன் விலை தெரியும். 2001 டிசம்பரில் இலங்கை நாடாளுமன்றத்தை இழந்த சந்திரிகா குமாரதுங்க, பிரதமர் ரணில் விக்கிரமசிங்க அமைதிப் பேச்சை நடத்த ஏறத்தாழ இரண்டாண்டு விட்டுவைத்தார். 2003 நவம்பர் 4-இல், பிரதமர் வாஷிங்டனில் இருந்தபோது, பாதுகாப்பு, உள்துறை, ஊடகம் மூன்று அமைச்சுகளையும் எடுத்துக்கொண்டார். அதன்பின் தேசிய இணக்க அரசு பற்றிப் பேசினார். பேசியபடியே மூன்று அமைச்சுகளும் அவர் கையில் இருந்தன. 2004 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். பேசும்போது கையில் எடுத்ததைத் திருப்பி வைத்தாரா என்ற ஒற்றைக் கேள்வி, நூறு அறிக்கைகளைப் படிப்பதற்குச் சமம்.

சிறு எச்சரிக்கைகள்

ஆணையம் அமைத்ததைச் சமரசம் என்று எண்ணாதீர்கள். அறிக்கை வந்தபின் அதிபர் என்ன செய்தார் என்று பாருங்கள். 1982 தேர்தலில் ரீகன் கட்சி 26 இடங்களை இழந்தது. 1983 ஜனவரியில் சமூகப் பாதுகாப்பு ஆணையம் உடன்பட்டதும், ஓய்வூதியத்துக்கு வரி உட்பட ஏற்றுக்கொண்டு ஏப்ரல் 20-இல் கையெழுத்திட்டார். 2010 டிசம்பரில் பற்றாக்குறை ஆணையத்தின் அறிக்கைக்கு 18 உறுப்பினரில் 11 பேர் ஆதரவு, தேவை 14. அடுத்த பிப்ரவரி பட்ஜெட்டில் ஒபாமா அந்தத் திட்டத்தைத் தனதாக்கவில்லை.

நிறைவேறிய சட்டங்களின் எண்ணிக்கையை எண்ணாதீர்கள். அஞ்சலகங்களுக்குப் பெயர் வைக்கும் சட்டமும் அதில் ஒன்றாக எண்ணப்படும். நினைவுக்குறிப்பு நூல்களைத் தேதிக்கு மட்டும் பயன்படுத்துங்கள், நோக்கத்துக்கு அல்ல. விருந்து, கோல்ஃப், கைகுலுக்கும் படம் எதற்கும் அட்டவணையில் இடமில்லை.

தேர்தல் முடிந்த மறுநாளே தாளைத் திறந்து, முதல் பத்தியை அன்றே நிரப்பிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து நிரப்பினால் பழைய நிலை எது என்பதையே வெள்ளை மாளிகை மாற்றிச் சொல்லியிருக்கும். புதிய அவை கூடும் ஜனவரி 3, பிப்ரவரியில் பட்ஜெட் வரும் நாள், அக்டோபர் 1 ஆகிய மூன்று தேதிகளிலும் இரண்டாம் பத்தியைப் புதுப்பியுங்கள். அக்டோபர் 1 தாண்டியும் ஓர் எண்கூட அசையாத வரிசைகளைச் சிவப்பில் அடித்துவிடலாம்.